டப்ளினில் ரோவன் கில்லெஸ்பியின் வெண்கலங்கள்: எதற்கு எவ்வளவு நேரம் ஒதுக்கலாம்?

அயர்லாந்தின் தலைநகரான டப்ளின் போகிறவர்களில் பலர் லிஃபி ஆற்றங்கரையில் சிற்பி ரோவன் கில்லெஸ்பி செய்த ‘பஞ்சம்’ சிற்பங்களோடு ஒரு படம் எடுத்துக்கொண்டு ஐந்தே நிமிடத்தில் நகர்ந்துவிடுகிறார்கள். குறைந்தது அரை மணி நேரம் கேட்கும் இடம் அது. கஸ்டம் ஹவுஸ் கீ என்னும் கரையோரச் சாலையில் திறந்தவெளியில் இருக்கிறது. கட்டணம் கிடையாது, எந்நேரமும் போகலாம். லுவாஸ் டிராமின் சிவப்புத் தடத்தில் ஜார்ஜஸ் டாக் நிறுத்தத்தில் இறங்கினால் சில நிமிட நடை.

1845இல் உருளைக்கிழங்குப் பயிரில் விழுந்த நோயால் தொடங்கிய பஞ்சத்தில் அயர்லாந்து ஏறத்தாழ பத்து லட்சம் உயிர்களை இழந்தது. அதற்கும் மேற்பட்டோர் கப்பலேறினார்கள். 1997இல் நிறுவப்பட்ட இந்தத் தொகுதியில் மூட்டை முடிச்சோடு நடக்கும் மெலிந்த உருவங்களும், பின்னால் ஒரு நாயும் உண்டு. ஒருவர் துவண்டுபோன குழந்தையைத் தோளின் குறுக்கே போட்டுச் சுமக்கிறார். பீடம் இல்லை என்பதுதான் முக்கியம். நாம் நிற்கும் அதே கல் தரையில் அவர்களும் நிற்பதால், நினைவுச்சின்னத்துக்கு முன்னால் நிற்கும் உணர்வு வராது. கூட்டத்தில் அகப்பட்டுக்கொண்டது போலிருக்கும்.

முகங்களை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். கில்லெஸ்பியின் தனித்தன்மை மேற்பரப்பில் இருக்கிறது. பெரும்பாலான சிற்பிகள் மாதிரியைச் செய்து வார்ப்புப் பட்டறையிடம் ஒப்படைத்துவிடுவார்கள். 1953இல் டப்ளினில் பிறந்த இவர், மெழுகு முதல் கடைசி நிறமேற்றல் வரை தன் பட்டறையில் தானே செய்பவர். முறை மெழுகு வார்ப்புதான்: மெழுகு உருவத்தைச் சுற்றி அச்சு கட்டி, மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுவது. சுவாமிமலையில் வழக்கமாக உள்ளே கெட்டியாக வார்ப்பார்கள். ஆளுயர வெண்கலத்தை அப்படிச் செய்தால் எடையும் தாங்காது, ஆறும்போது சுருங்கி வெடிக்கவும் செய்யும். அதனால் சில மில்லிமீட்டர் தடிமனில் கூடாக, துண்டு துண்டாக வார்த்துப் பற்றவைக்க வேண்டும். அச்சு சரியாகக் காயாவிட்டால் ஈரம் ஆவியாகிக் குமிழி விழும். உலோகம் சூடு குறைந்து ஓடினால் இரண்டு பக்கத்திலிருந்தும் வரும் ஓட்டங்கள் ஒட்டாமல் கோடு விழும். பற்றவைத்த இடத்தை அளவுக்கு மீறி ராவினால் அந்தப் பட்டை மட்டும் வழவழவென்று தனித்துத் தெரியும். ஒவ்வொரு கட்டத்திலும் செய்தவரே உடனிருந்தால்தான் எந்தச் சொரசொரப்பை விடுவது, எதை எடுப்பது என்ற முடிவு சிற்பியுடையதாகவே இருக்கும். கந்தல் துணியின் விளிம்புகளையும் பாதங்களையும் கிட்டப்போய்ப் பாருங்கள், புரியும். மேகமூட்டமான காலை நேரம் நல்லது. உச்சி வெயிலில் கண்குழிகள் வெறும் கறுப்பாகிவிடும்.

கப்பலேறியவர்கள் போய்ச் சேர்ந்த இடங்களில் ஒன்றான கனடாவின் டொராண்டோவில் இதன் தொடர்ச்சி இருக்கிறது. ஏரிக்கரையில் பாதர்ஸ்ட் தெருவின் முனையிலுள்ள அயர்லாந்து பூங்காவில், 2007இல் திறக்கப்பட்ட ஐந்து உருவங்கள். 1847இல் மட்டும் பஞ்சத்துக்குத் தப்பி 38,000 பேருக்கு மேல் அந்த நகரத்தில் வந்திறங்கினார்கள். அப்போது நகரின் மக்கள்தொகையே சுமார் 20,000. கரை கண்டவன் ஒருவன் கைகளை உயர்த்தி நிற்கிறான், ஒருத்தி தரையில் விழுந்து கிடக்கிறாள். அங்கே இறந்தவர்களின் பெயர்கள் கில்கென்னி சுண்ணாம்புக்கல் சுவரின் இடுக்குகளில் செதுக்கப்பட்டுள்ளன. கனடாவிலுள்ள நம்மவர்கள் டப்ளின் வரை போகாமலே இந்தப் பாதியைப் பார்த்துவிடலாம். ஆனால் இரண்டையும் பார்த்தால்தான் முழுமை.

கில்மைனம் சிறைக்கு எதிரே உள்ள ‘பிரகடனம்’ வேறு ரகம். கண்கட்டிய, கைகளற்ற உருவங்கள் வட்டமாக நிற்கின்றன. உடலெங்கும் குண்டு துளைத்த ஓட்டைகள். பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1916 எழுச்சியின் தலைவர்கள் பலர் இந்தச் சிறையில்தான் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்த வரலாறு தெரியாமல் போனால் அது பிடிபடாது. சிறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு வெளியே வந்து பாருங்கள். சிறைக்கு இணையத்தில் முன்பதிவு அவசியம். கடைசி நேரத்தில் இடம் கிடைப்பது அரிது.

அயர்லாந்தின் வடமேற்கே ஸ்லைகோ நகரத்தில் இவர் செய்த கவிஞர் யேட்ஸ் சிலைக்காக மட்டும் ரயிலேறத் தேவையில்லை. மேலங்கி முழுக்கக் கவிதை வரிகள் பதித்த நல்ல வேலைதான். அந்தப் பக்கம் போகும் திட்டமிருந்தால் சேர்த்துக்கொள்ளலாம். டப்ளினில் ஒரே நாள்தான் என்றால் காலையில் ஆற்றங்கரை, மதியம் கில்மைனம். இரண்டுக்கும் அதே சிவப்புத் தட டிராம் போதும்.