பெடல்போர்டு பவர் சப்ளையை அணைக்காமலே வைத்திருக்கலாமா? பல வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

கிட்டார் எஃபெக்ட் பெடல்களை அடுக்கி வைத்த பலகைதான் பெடல்போர்டு. என்னுடையதின் அடியில் இருப்பது எட்டு அவுட்புட் கொண்ட, டொராய்டல் (வளைய வடிவ) டிரான்ஸ்ஃபார்மர் வைத்த பவர் சப்ளை. மேசைப் பக்கம் சின்ன செட்டப்புக்கு மொபைல் சார்ஜர் மாதிரி ஒரு ஸ்விட்ச்மோட் அடாப்டர், ஒரே வயரில் பல பெடலுக்கும் கரண்ட் பிரிக்கும் டெய்சி செயினோடு. இரண்டையும் சென்னை வீட்டில் பல வருடமாக ஓட்டுகிறேன். போர்டு நினைத்த நேரத்தில் வாசிக்கத் தயாராக இருக்க வேண்டும் என்பதால் பெரியதை இரவு பகலாக ஆனிலேயே விட்டிருந்த காலம் நிறைய உண்டு. அது இன்றும் வேலை செய்கிறது. ஆனாலும் இப்போது வாசித்து முடித்ததும் அணைத்துவிடுகிறேன். காரணம் கரண்ட் பில் இல்லை.

பில்லை முதலில் முடித்துவிடுவோம். பெடல் பைபாஸில், அதாவது எஃபெக்ட் ஆஃபில் இருந்தாலும் உள்ளே சர்க்யூட் ஓடிக்கொண்டுதான் இருக்கும். ட்ரூ பைபாஸ் பெடலும் அப்படித்தான். கிட்டார் சிக்னல் மட்டும்தான் விலகிப் போகிறது. ஒலியைக் கரகரப்பாக்கும் சாதாரண ஓவர்டிரைவ் என்றால் பத்து மில்லியாம்ப் அளவில் இழுக்கும். ஸ்ட்ரைமன் டைம்லைன் மாதிரி டிஜிட்டல் டிலேக்கு (எதிரொலி தரும் பெடல்) 300 மில்லியாம்ப் வேண்டும், அதாவது 9 வோல்ட்டில் 2.7 வாட். டிரான்ஸ்ஃபார்மரின் சொந்த இழப்பையும் சேர்த்து மொத்த போர்டு 10 வாட் என்று வைத்துக்கொண்டால், நாள் முழுக்க ஓடினாலும் கால் யூனிட்டைத் தொடாது. இரண்டு மாத பில்லில் 15 யூனிட்டுக்குள் அடங்கிவிடும்.

கவனிக்க வேண்டியது சூடு. பவர் சப்ளையில் முதலில் தேய்வது மின்சாரத்தைச் சேமித்துச் சீராக்கும் எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டர்கள். அவற்றின் மேலேயே 105 டிகிரி, 85 டிகிரி என்று அச்சடித்திருக்கும். 105 டிகிரியில் 2000 மணி நேரம் தாங்கும் கெபாசிட்டருக்கு, சூடு 10 டிகிரி குறையும்போதெல்லாம் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும். 65 டிகிரியில் ஓடினால் 32,000 மணி நேரம்; அணைக்காமல் விட்டாலும் மூன்றரை வருடத்துக்கு மேல். 55 டிகிரியில் வைத்திருந்தால் ஏழு வருடம் தாண்டும். அதே 2000 மணி நேரக் கணக்குள்ள 85 டிகிரி கெபாசிட்டர் 65 டிகிரியில் 8,000 மணி நேரம்தான். வருடத்துக்கு 8,760 மணி நேரம். ஒரு வருடம்கூட வராது. மலிவான அடாப்டர் சீக்கிரம் படுத்துவிடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பெயர் தெரியாத அடாப்டர் ஒன்றை இப்படியே ஓட்டியபோது, முதலில் ஓவர்டிரைவ் போட்டால் மட்டும் மெல்லிய ஹம் கேட்டது. அப்புறம் அது எப்போதும் கேட்டது. நம் மெயின்ஸ் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையருக்குப் பின் வரும் ரிப்பிள், அதாவது வோல்டேஜின் ஏற்ற இறக்கம், 100 ஹெர்ட்ஸ். கிட்டாரின் ஐந்தாவது கம்பியை ஒட்டிய சுருதியில் அடிநாதம் மாதிரி நிற்கும். கடைசியில் டிலே பெடல் தானாக ரீசெட் ஆக ஆரம்பித்தது.

டொராய்டல் வகையில் இன்னொரு சங்கதி உண்டு. ராத்திரியில் எங்கள் பக்கம் வோல்டேஜ் 240-ஐத் தாண்டும். வோல்டேஜை ஒரே அளவில் நிறுத்தும் லீனியர் ரெகுலேட்டர் அந்த மிச்ச வோல்டேஜை எல்லாம் சூடாகத்தான் கழிக்கும். அதனால் யாரும் வாசிக்காத நடுராத்திரியில்தான் பெட்டி அதிகம் சுடும். போர்டை அதன் பைக்குள் வைத்து ஜிப் போட்டு, ப்ளக்கை மட்டும் வெளியே விட்டு ஆனில் வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள். அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரர் வாங்கிவந்த 120 வோல்ட் மாடலை ஸ்டெப்-டவுன் வைத்து ஓட்டுபவர்களுக்கும் ஒரு வார்த்தை: 60 ஹெர்ட்ஸுக்கு மட்டுமே செய்த டிரான்ஸ்ஃபார்மர் 50 ஹெர்ட்ஸில் இன்னும் சூடாகும். வாங்கும் முன் லேபிளில் 50/60 என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

சூட்டைவிட எனக்குப் பயம், கரண்ட் போய்த் திரும்பி வரும் அந்த நொடி. தெருவில் நியூட்ரல் அறுந்தால் 230 வர வேண்டிய இடத்தில் 400 வோல்ட் வரைக்கும் வரலாம். இடி மழையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். ஸ்பைக் பஸ்டர் ஓரளவுக்கு உதவும். ஆனால் அதற்குள் அதிக வோல்டேஜை உறிஞ்சும் பாகமான எம்ஓவி ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். நியூட்ரல் போனால் அதனால் தாக்குப்பிடிக்கவே முடியாது. நான் அணைக்க ஆரம்பித்தது இதற்காகத்தான். பெடல் பவர் சப்ளைகளில் பெரும்பாலும் சுவிட்சே இருக்காது. அமெரிக்காவில் சுவரிலும் சுவிட்ச் இருக்காது என்பதால் அங்கே ப்ளக்கைப் பிடுங்க வேண்டும். நம் ஊரில் ஒவ்வொரு பாயின்ட்டுக்கும் சுவிட்ச் உண்டு, அதைத் தட்டினால் போதும். இடி இடிக்கும்போது மட்டும் ப்ளக்கையே கழற்றிவிடுகிறேன்.

காலையில் வாசித்துவிட்டு மாலையில் திரும்ப வாசிப்பதாக இருந்தால் இடையில் அணைப்பதில்லை, வீட்டில் ஆள் இருக்கும் வரை. ராத்திரிக்கும் வெளியூருக்கும் கட்டாயம் ஆஃப். வால்வ் (வெற்றிடக் குழாய்) வைத்த பெடல் இருந்தால் இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. ஃபிலமென்ட் எரியும் ஒவ்வொரு மணி நேரமும் வால்வின் ஆயுளில் கழியும். அணைக்கும்போது முதலில் ஆம்ப், பிறகு போர்டு. போடும்போது தலைகீழ். இல்லையென்றால் ஸ்பீக்கரில் அந்த டப் சத்தம் வரும்.

பேட்டரியில் ஓடும் பெடலுக்குக் கணக்கு வேறு. இன்புட் ஜாக்கில் கேபிள் சொருகியிருந்தாலே பேட்டரி கரையும். 500 மில்லியாம்ப்-அவர் அளவுள்ள 9 வோல்ட் ஆல்கலைன், 10 மில்லியாம்ப் பெடலில் ஐம்பது மணி நேரம் வரும். வெள்ளி ராத்திரி கேபிளைக் கழற்றாமல் போனால் திங்கள் காலைக்குள் காலி.

பழைய பவர் சப்ளையில் ஹம் வர ஆரம்பித்தால் உடனே தூக்கிப் போட வேண்டாம். டொராய்டல் வகை என்றால் கெபாசிட்டர் மாற்றினாலே பெரும்பாலும் சரியாகும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் 105 டிகிரி வகையைக் கேட்டு வாங்குங்கள், மதிப்பும் வோல்டேஜும் பழையதைப் பார்த்து. மெயின்ஸ் பக்கம் கை வைக்கும் வேலையை மட்டும் டெக்னீஷியனிடம் கொடுத்துவிடுங்கள்.