சாக்ஸ்லெட்டும் மீன் பெட்டி ஐஸும்: மண்டபம் கரையில் ஆறு ஆண்டுகள்

மண்டபத்துக்கு அருகே ஒரு கல்லூரி ஆய்வகத்தில் கடற்பாசியிலிருந்து கொழுப்பையும் நிறமிகளையும் பிரித்தெடுக்கிறோம். பெரும்பாலும் கட்டக்கோரை, கஞ்சிப்பாசி. நிழலில் உலர்த்தி அரைத்த பொடி 10 கிராம், குடுவையில் கரைப்பானாக 150 மில்லி ஹெக்சேன், அதன்மேல் பொடியைத் திரும்பத் திரும்பக் கரைப்பானில் ஊறவைத்து வடிக்கும் கண்ணாடிக் கருவியான சாக்ஸ்லெட், உச்சியில் ஆவியைத் தண்ணீரால் குளிர்வித்துத் திரவமாக்கும் குளிர்விப்பான். ஆறு ஆண்டுகளாக வாரத்துக்கு இரண்டு முறையாவது இது ஓடுகிறது.

புதிதாக ஆய்வகம் அமைப்பவர்கள் எந்த ஹீட்டர் நல்லது என்றுதான் கேட்கிறார்கள். குளிர்விப்பானுக்குள் போவது எந்தத் தண்ணீர் என்று நான் கேட்பேன். சித்திரை, வைகாசியில் எங்கள் மாடித் தொட்டித் தண்ணீரில் கை வைக்க முடியாது. முதல் ஆண்டில் நாங்கள் கரைப்பானாகப் பயன்படுத்திய டைஎதில் ஈதரோ 34.6 டிகிரியிலேயே கொதித்துவிடும். அந்தத் தண்ணீரை ஓடவிட்டால் ஈதர் ஆவி எப்படிக் குளிர்ந்து குடுவைக்குத் திரும்பும்?

திரும்பவில்லை. முதல் ஆண்டு மே மாதம், நண்பகல். குளிர்விப்பானின் மேல்வாயிலிருந்து வெளியேறிய ஆவி காற்றைவிட இரண்டரை மடங்கு கனம் என்பதால் மேசையில் இறங்கி, விளிம்பு தாண்டித் தரையில் தவழ்ந்திருக்கிறது. அடுத்த வரிசையில் ஒரு பன்சன் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தரையோடு ஒரு நீலச் சுடர் எங்களை நோக்கி ஓடி வந்ததைக் கண்ணால் பார்த்தேன். மெயின் சுவிட்சை ஒரு மாணவி அணைத்தார். கார்பன் டை ஆக்சைடு அணைப்பானால் தீயை அடக்கினோம். யாருக்கும் காயமில்லை. அன்றோடு ஈதரும் பன்சன் விளக்கும் அந்த அறையைவிட்டுப் போய்விட்டன. இந்தக் கரையில் ஈதரால் பிரித்தெடுக்கவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

ஹெக்சேன் 69 டிகிரியில் கொதிப்பதால் சமாளிக்கலாம். ஆனால் அதை ஆபத்தில்லாதது என்று நினைத்துவிடக் கூடாது. அதன் தீப்பற்று நிலை, அதாவது பொறி பட்டால் பற்றும் அளவுக்கு ஆவி எழும் வெப்பநிலை, பூஜ்ஜியத்துக்கு 20 டிகிரிக்கும் கீழே. தூய எத்தனாலுக்கே அது சுமார் 13 டிகிரிதான். இங்கே மார்கழி விடியலில்கூட அவ்வளவு குளிராது. மூடியைத் திறந்தாலே எரியக்கூடிய ஆவி இருக்கிறது என்று எண்ணித்தான் வேலை செய்கிறோம்.

எங்களைக் காப்பாற்றியது மீன்பிடித் தொழில். படகுகளுக்குப் போகும் ஐஸ் பாரில் பாதியை வாங்கி உடைத்து, தெர்மாகோல் மீன் பெட்டியில் தண்ணீரோடு போட்டு, மீன் தொட்டி மோட்டாரால் குளிர்விப்பானுக்குச் சுற்றவிடுகிறோம். ஆவி ஏறும் உயரத்தை உள்ளே ஈர வளையம் காட்டும். அது கீழ் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் சூட்டைக் குறைக்க வேண்டும். ஒரு சிக்கல் உண்டு. கடல் காற்றின் ஈரத்தில் குளிர்ந்த கண்ணாடி வியர்த்துக் கொட்டும். அந்த நீர் வழிந்து, கீழே குடுவையைச் சூடேற்றும் மின்சார உறையான ஹீட்டிங் மேன்டிலுக்குள் இறங்கியதை ஒருமுறை கடைசி நொடியில் பார்த்தேன். இப்போது குளிர்விப்பானின் அடியில் பருத்தித் துணி சுற்றுகிறோம். அரை மணிக்கு ஒருமுறை பிழிந்து கட்ட வேண்டும்.

மேன்டில் பற்றி நல்லதாகச் சொல்ல என்னிடம் அதிகமில்லை. இரண்டாம் ஆண்டிலேயே உப்புக் காற்றில் உள்ளே துரு ஏறி, குமிழைத் திருப்பினால் பொறி தெறித்தது. கடல் காற்றுக்கு உத்தரவாதம் கிடையாது என்று விற்றவர்கள் கைவிரித்துவிட்டார்கள். இப்போது சூடேற்றும் கம்பிச்சுருள் வெளியே தெரியாமல் மூடப்பட்ட தண்ணீர்த் தொட்டியில்தான் குடுவையைச் சூடேற்றுகிறோம். ஆழ்துளைக் கிணற்று உவர்நீரை ஊற்றினால் உப்புப் படியும். காய்ச்சி வடித்த நீரே நல்லது.

மின்சாரம் போனால் மோட்டார் நின்றுவிடும், தொட்டியின் சூடு நிற்காது. அதனால் தொட்டியை உயர்த்தி இறக்கும் ஜாக்கின் மேல் வைத்திருக்கிறோம். விளக்கு அணைந்ததும் முதலில் ஹீட்டர் சுவிட்சு, அடுத்து ஜாக்கை இறக்குவது. பிரித்தெடுப்பு ஓடும் ஆறு மணி நேரமும் ஒருவர் அருகிலேயே இருக்க வேண்டும். சாப்பாட்டுக்கு ஆள் மாற்றிவிட்டுத்தான் போகலாம்.

வேலை முடிந்தபின் நடக்கும் தவறு ஒன்றைப் பலரிடம் பார்த்திருக்கிறேன். சாறு எடுத்த பாசிப்பொடி வெறும் சக்கை போலத் தெரியும். எடையெடுக்கும் அவசரத்தில் நேரே ஓவனில் வைத்துவிடுவார்கள். அதற்குள் இன்னும் ஹெக்சேன் ஊறியிருக்கிறது. எங்கள் ஓவன் கதவில், இரவு முழுவதும் ஃபியூம் ஹுட்டில் (ஆவியை வெளியே இழுத்துவிடும் அடைப்பு) வைக்காத சக்கைக்கு இடமில்லை என்று பெயின்ட்டில் எழுதியிருக்கிறோம்.