பழைய லாரிக்கு ‘விஏ நம்பர்’ என்று யாராவது சொன்னால் பணம் கொடுக்காதீர்கள்: 4,20,000 ரூபாய் போய்விட்டது

லாரியோ பஸ்ஸோ, எந்தப் பழைய கனரக வண்டியாக இருந்தாலும் சரி, “இதுக்கு விண்டேஜ் நம்பர் வாங்கிடலாங்ணா” என்று எந்தப் பட்டறைக்காரன் சொன்னாலும் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். அந்த ‘விஏ நம்பர்’, அதாவது 50 வருஷம் தாண்டிய பழைய வண்டிக்குத் தரும் தனிப் பதிவு எண், கனரக வண்டிக்கு வாங்க முடியாது. சட்டத்திலேயே இடம் இல்லை. அது நன்றாகத் தெரிந்துகொண்டே என்னிடம் 4,20,000 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள். நேற்று சாயங்காலம்தான் வண்டியை ரெக்கவரி வண்டியில் கட்டி இழுத்து வந்து வீட்டு வாசலில் போட்டேன். “ஆத்திரம் அடங்கட்டும், அப்புறம் எழுதுங்க” என்கிறாள் மனைவி. அதற்குள் அந்தப் பட்டறைக்காரன் அடுத்தவரிடம் அட்வான்ஸ் வாங்கிவிடுவான்.

வண்டி 1967 மாடல் டாடா மெர்சிடிஸ் பென்ஸ் 1210. மூக்கு வண்டி. எங்கள் அப்பாரு, அதாவது அப்பாவின் அப்பா, வாங்கியது. சேலத்து ஜவ்வரிசி மூட்டையை ஏற்றிக்கொண்டு பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் ஓடிய வண்டி. எங்கள் வீடு, அத்தைகளின் கல்யாணம், என் படிப்பு எல்லாம் அதில் வந்த வாடகைதான். ஓட்டம் நின்ற பிறகும் அப்பா அதை இரும்புக்குப் போடவில்லை. கொட்டகை போட்டு நிறுத்தி, டயருக்குக் கீழே கல் கொடுத்து, வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குக் கழுவிப் பொட்டு வைப்பார். பழைய ஆர்.சி. புத்தகம், எஃப்.சி. என்னும் தகுதிச் சான்று பேப்பர், வரி கட்டிய ரசீது எல்லாம் ஒரு தகர டப்பாவில் பத்திரமாக இருந்தன. அப்பா போன பிறகு இதை மறுபடி ஓடவிட வேண்டும் என்பது என் ஆசை. லோடு அடிக்க அல்ல. பண்டிகைக்கு ஒரு முறை ஊரைச் சுற்றி வர, எங்காவது பழைய வண்டி ஊர்வலம் நடந்தால் கலந்துகொள்ள.

இந்த வண்டியின் அருமை தெரியாதவர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் மோசடியின் காரணமே அதில்தான் இருக்கிறது. டெல்கோவும் (இன்றைய டாடா மோட்டார்ஸ்) ஜெர்மனியின் டெய்ம்லர் பென்ஸும் 1954இல் கூட்டுச் சேர்ந்து ஜாம்ஷெட்பூரில் லாரி செய்யத் தொடங்கினார்கள். 1969இல் அந்த ஒப்பந்தம் முடிந்தது. அதன்பிறகு வந்த வண்டிகளில் நட்சத்திரம் போய் டாடாவின் ‘டி’ முத்திரை வந்துவிட்டது. அதனால் முன் கிரில்லில் மூன்று முனை நட்சத்திரத்தோடு ஒரு டாடா லாரி நின்றால், அது அந்தப் பதினைந்து வருஷத்துக்குள் வந்தது. பெரும்பாலானவை எப்போதோ உடைக்கப்பட்டுவிட்டன. சேகரிப்பவர்கள் அந்தக் கிரில்லுக்கும் அந்தக் காலத்து இன்ஜினுக்கும் என்ன விலையும் கொடுப்பார்கள். இது எனக்குத் தெரிந்ததைவிட அவனுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

பழைய வண்டி, உதிரி பாகம் வாங்கி விற்கும் ஒரு ஆன்லைன் தளத்தில்தான் அந்தப் பட்டறை கிடைத்தது. ‘சரிபார்க்கப்பட்டது’ என்று பச்சை அடையாளம் எல்லாம் போட்டிருந்தார்கள். கூப்பிட்ட மறுநாளே ஓனர் நேரில் வந்துவிட்டான். வந்தவன் என்னிடம் பேசவில்லை, நேராக வண்டிக்குப் போனான். பானெட்டைத் தூக்கி, உள்ளே கையை விட்டு டீசல் பம்பைத் தடவிப் பார்த்தான். ஸ்பிரிங் பட்டைகளை எண்ணினான், கீழே படுத்து சேஸின் குறுக்குச் சட்டமான கிராஸ் மெம்பரைச் சுத்தியலால் தட்டினான். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, “ஒரு ரிவிட்டுகூட அசையலீங்ணா. உங்கப்பா கோயில் மாதிரி வச்சிருக்காரு. இதுல ஒரு போல்ட்டு மாத்தறதுன்னாலும் உங்களைக் கேட்டுட்டுத்தான் மாத்துவேன்” என்றான். என் கண் கலங்கிவிட்டது. அப்பாவைப் பற்றி அப்படி ஒருத்தன் சொல்லும்போது எவனுக்குத்தான் நம்பிக்கை வராது?

பிறகு உட்கார்ந்து சட்டம் பேசினான். 2021 ஜூலையில் மத்திய அரசு விண்டேஜ் வண்டிகளுக்குத் தனி விதி கொண்டுவந்தது, முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டியிருக்க வேண்டும், சேஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது, புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம், பத்து வருஷம் செல்லும், நம்பர் பலகையில் மாநில எழுத்துக்குப் பிறகு ‘விஏ’ என்று வரும், வியாபாரத்துக்கு ஓட்டக் கூடாது, கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் போகலாம். ஒப்பிப்பது போலச் சொன்னான். அவன் போன பிறகு தேடிப் பார்த்தேன், ஒவ்வொன்றும் சரியாக இருந்தது. அவன் சொல்லாமல் விட்டது ஒரே ஒரு வரி. அந்த விதி இருசக்கர வண்டிகளுக்கும் ‘எம்1’ வகைக்கும் மட்டும்தான். எம்1 என்றால் ஓட்டுநரைத் தவிர எட்டுப் பேருக்கு மேல் உட்கார முடியாத பயணிகள் வண்டி, அதாவது கார், ஜீப். சரக்கு வண்டி ‘என்’ (N) வகை. அந்த விதிக்குள்ளேயே லாரி வராது. செய்தித்தாள்களில் இதை ‘நாலு சக்கர வண்டி’ என்று பொதுவாகப் போட்டிருக்கிறார்கள். அந்த இடைவெளியில்தான் இவன் பிழைப்பு நடத்துகிறான். “இதோ, நாங்க வாங்கிக் கொடுத்த லாரி” என்று போனில் ஒரு விஏ ஆர்.சி.யைக் காட்டினான். வண்டி வகை போட்டிருக்கும் வரியைக் கட்டைவிரலால் மறைத்தபடியே காட்டினான் என்பது இப்போது புரிகிறது.

அட்வான்ஸ் 1,50,000. வண்டி பட்டறைக்குப் போனதும் இன்ஜின் வேலைக்கு 1,80,000. “ஆர்டிஓ வேலை ஆரம்பிக்கோணும்” என்று 90,000. மொத்தம் 4,20,000 ரூபாய். முதல் இரண்டும் பேங்க் மூலம் போனது. கடைசி 90,000 மட்டும், “கவர்மென்ட் ஃபீஸ் போக மேல்செலவு இருக்குதுங்ணா, அதெல்லாம் அக்கவுண்ட்ல வாங்க முடியாது” என்று கையில் கேட்டு வாங்கினான்.

பணம் முழுசாகப் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து அவன் குரல் மாறிவிட்டது. பெயின்டர் மாரியம்மன் பண்டிகைக்குப் போயிருக்கிறான். பம்பு கலிபரேஷனுக்குப் போயிருக்கிறது. லேத்தில் ஸ்லீவ் இறக்கிக்கொண்டிருக்கிறார்கள். ஆர்டிஓ ஆபீசில் சர்வர் வேலை செய்யவில்லை. ஆபீசர் மாறிவிட்டார், புது ஆபீசர் லீவு. போட்டோ அனுப்பு என்றால், மூன்று மாதம் முன்பு அனுப்பிய அதே போட்டோவை மறுபடி அனுப்புவான். நேரில் போனால், “ஓனர் இப்பத்தானுங்ணா கிளம்புனாரு, டீ சாப்பிடறீங்களா?” என்று ஒரு பையன் கேட்பான். வண்டி இருந்த ஷெட்டுக்குத் தார்ப்பாய் கட்டி, “பெயின்ட் காயுது, தூசி படும்” என்று உள்ளே விடமாட்டார்கள். கடைசியில் மெசேஜுக்கு நீல டிக் மட்டும் விழுந்தது. அந்த ஆன்லைன் தளத்தைக் கூப்பிட்டால், “நாங்க ரெண்டு பேரையும் இணைச்சு விடறது மட்டும்தான் சார், வேலைக்கு நாங்க பொறுப்பில்லை” என்று ஒரு பெண் எழுதி வைத்ததைப் படித்தாள். அப்புறம் எதற்கு அந்தப் பச்சை அடையாளம்?

தெரிந்த ஒரு மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போய், தார்ப்பாயை நாங்களே அவிழ்த்தோம்.

பானெட்டுக்குள் இருந்தது எங்கள் இன்ஜின் அல்ல. பின்னால் வந்த டாடா வண்டிகளின் 697 இன்ஜின். எங்கோ உடைத்த வண்டியிலிருந்து எடுத்தது, எண்ணெய்ப் பிசுக்குக்கூடத் துடைக்கவில்லை. அதை உட்கார வைக்கக் கிராஸ் மெம்பரை கேஸ் கட்டர் வைத்து அறுத்து, துண்டு இரும்பு வைத்து வெல்டிங் அடித்திருந்தார்கள். ஐம்பது வருஷத்துக்கு மேல் அசையாத கம்பெனி ரிவிட்டுகள் போய், பஜாரில் கிடைக்கும் போல்ட்டு நட்டு. நான் கேட்கவே கேட்காத பவர் ஸ்டியரிங் பாக்ஸ் ஒன்று பாதி மாட்டித் தொங்கியது. நட்சத்திரக் கிரில் இல்லை, அந்த இடத்தில் தகடு வளைத்து அடித்திருந்தார்கள். தேக்குக் கட்டையில் கட்டிய கேபினின் கதவு இரண்டும் காணோம். “பழசெல்லாம் மக்கிப்போச்சு, தூக்கிப் போட்டாச்சுங்ணா” என்றான் அந்தப் பையன். அப்பா வருஷா வருஷம் எண்ணெய் தடவிய கதவுகள் அவை.

இதைவிடப் பெரிய அடி சேஸ் நம்பர். கொட்டகையிலிருந்து வண்டி போகும்போது வலப்பக்கச் சேஸில் கம்பெனி பஞ்ச் அடித்த எண்கள் அப்படியே இருந்தன. ஒரே உயரம், ஒரே இடைவெளி, நடுவில் லேசாகத் துரு தின்ற குழி. இப்போது அந்த இடத்தில் கிரைண்டர் ஓட்டி வழுவழு என்று ஆக்கி, மேலே புதிதாக எண் அடித்திருக்கிறார்கள். கேட்டதற்கு, “நம்பர் தெளிவா தெரியலைன்னா பாஸ் ஆகாதுங்ணா, அதான் கிளியரா அடிச்சோம்” என்று பதில்.

மோட்டார் வாகன ஆய்வாளரிடம், நம் ஊரில் பிரேக் இன்ஸ்பெக்டர் என்போமே அவரிடம், எல்லாக் காகிதத்தையும் எடுத்துக்கொண்டு போனேன். பொறுமையாக வந்து பார்த்தார். சேஸ் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்தார். எண்கள் ஒவ்வொன்றாக வந்தன. ஒரு 3 தலை சாய்ந்து நின்றது, கடைசி இரண்டு எண்ணும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. அப்பாவின் தகர டப்பாவில் ஒரு பழைய எஃப்.சி. பேப்பரோடு ஒட்டிய பென்சில் பிரிண்ட் ஒன்று இருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “எண் ஒண்ணுதான், ஆனா இது கம்பெனி பஞ்ச் இல்லைங்க. இன்ஜின் நம்பரும் ஆர்.சி.யோட ஒத்துப் போகல. நான் இதுக்குக் கையெழுத்துப் போட்டா நாளைக்கு என்னைக் கேப்பாங்க.” விஏ நம்பர் பற்றிக் கேட்டேன். “லாரிக்கா? யாரு சொன்னா?” என்றார். விண்ணப்பம் எதுவும் பதிவாகவே இல்லை. 90,000 ரூபாய் எந்த ஆபீசுக்கும் போகவில்லை.

யாருக்கும் தொல்லை தராமல் கொட்டகையில் நின்ற வண்டி அது. இன்றைக்கு அதன் அடையாளமே சந்தேகம் என்று ஆகிவிட்டது. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுப்படி ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, அப்படி மாற்றினால் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம்வரை சிறை என்றும் இருக்கிறது. அறுத்தவன் அவன், பதில் சொல்ல வேண்டியது நான். இந்தப் பயத்தைக் காட்டித்தான் அவன் கடைசியில் மிரட்டினான்: “கேஸ் போடுங்ணா. சேஸ் நம்பரைப் பத்தி நானும் சொல்றேன்.” என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து என் அப்பாவைப் புகழ்ந்த அதே வாய்.

ஸ்டேஷனில் முதலில் “இது சிவில் மேட்டர்” என்று திருப்பி அனுப்பப் பார்த்தார்கள். விடாமல் நின்று மனு கொடுத்து, புகார் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கியிருக்கிறேன். நம்பரை நான் மாற்றவில்லை, வண்டி பட்டறையில் இருந்தபோது மாற்றப்பட்டது என்று, பழைய பென்சில் பிரிண்ட்டின் நகலை இணைத்து எழுதிக் கொடுத்துவிட்டேன். வக்கீல் நோட்டீஸ் இன்று காலை போயிற்று. 4,20,000 ரூபாயும் வேண்டும், என் இன்ஜினும் கிரில்லும் கதவும் வேண்டும்.

என்னென்ன கவனிக்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது மனம் நிலையில் இல்லை. அவசரமாகச் சிலது மட்டும். லாரி சட்டப்படி போக்குவரத்து வண்டி. 50 வருஷம் ஆனாலும் ரோட்டில் ஓட எஃப்.சி., வரி, பர்மிட் எல்லாம் வேண்டும். எஃப்.சி. கட்டணமே 15 வருஷம் தாண்டிய கனரக வண்டிக்கு 2022 ஏப்ரலில் 12,500 ஆனது, பிறகு இன்னும் ஏற்றியிருக்கிறார்கள். அதனால் பட்டறைக்குப் போவதற்கு முன் உங்கள் ஆர்டிஓ ஆபீசில் எழுத்தில் கேளுங்கள். வண்டியைக் கொடுக்கும் முன் சேஸ் நம்பரையும் இன்ஜின் நம்பரையும் பென்சில் பிரிண்ட் எடுத்து, தேதி தெரிய வீடியோவும் எடுத்து, பட்டறைக்காரனின் கையெழுத்து வாங்குங்கள். நம்பர் இருக்கும் இடத்தில் கிரைண்டர் படக் கூடாது என்று வேலைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். கழற்றும் பழைய பாகம் எதுவானாலும் அன்றைக்கே வீட்டுக்கு வர வேண்டும். ‘மேல்செலவு’ என்று கையில் கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள். ஏமாந்தவர்கள் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதியுங்கள். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும்.

யாராவது மூக்கு வண்டி கிரில் விற்பதாகச் சொன்னால் தயவுசெய்து ஒரு நிமிஷம் பாருங்கள். எங்களுடையதில் நட்சத்திரத்துக்குக் கீழே, இடது ஓரத்தில் விரல் நீளத்துக்கு ஒரு விரிசல், அதைப் பித்தளை வைத்துப் பற்றவைத்த தழும்பு இருக்கும். பார்த்தால் வாங்கிவிடாதீர்கள், போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள்.