முதல் ஸ்டெப்பை விழுங்கும் அனலாக் சீக்வென்சர்: நீண்ட நாள் பயன்பாட்டுக்குப் பிறகு

ரிப்பேருக்குப் போன அனலாக் சீக்வென்சர் (ஸ்டெப்புக்கு ஒரு நாப் வைத்து, அவை தரும் வோல்டேஜை வரிசையாக அனுப்பி சிந்தசைசரை வாசிக்கவைக்கும் பெட்டி) திரும்பி வந்துவிட்டது. ஐந்தாவது ஸ்டெப்பின் நாப் கரகரத்துக்கொண்டிருந்தது, உள்ளே பொட்டென்ஷியோமீட்டரை மாற்றியிருக்கிறார்கள். வேலை சுத்தம். புது நாப் மற்ற ஏழையும்விட லேசாகச் சுழல்கிறது. இருட்டில் தடவினாலும் இதுதான் ஐந்து என்று விரல் சொல்லிவிடும். அதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. வரிசையை முதல் ஸ்டெப்புக்குத் திருப்பும் ரீசெட்டைக் கொடுத்தால் அந்த முதல் ஸ்டெப்பே ஒலிப்பதில்லை என்று கூடவே எழுதி அனுப்பிய இன்னொரு புகாருக்குத்தான் ஒரே வரியில் பதில் வந்தது: ரீசெட் அப்படி நடந்துகொள்வது பழுது இல்லை, டிசைனே அப்படித்தான்.

அந்த ஒரு வரிதான் இதை எழுத வைக்கிறது. கம்பெனி பெயர் வேண்டாம், ஏனென்றால் இதே குணம் வேறு பல பெட்டிகளிலும் உண்டு.

அமைப்பு எல்லோருக்கும் தெரிந்ததுதான். 8 ஸ்டெப், 3 வரிசை, ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் 'தாண்டு, ஓடு, நில்' என்று மூன்று நிலை ஸ்விட்ச். மூக் கம்பெனியின் 960 சீக்வென்சர் போட்டுக்கொடுத்த வழி அது. நாப்கள் 0 முதல் 5 வோல்ட் வரை போகின்றன. ஒரு ஆக்டேவுக்கு (ஸ்தாயிக்கு) 1 வோல்ட் என்ற கணக்கில், அதில் பன்னிரண்டில் ஒரு பங்கான செமிடோனுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 83 மில்லிவோல்ட். நாப்பின் 300 டிகிரி சுழற்சியில் அது 5 டிகிரி. ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த 5 டிகிரிக்குள் சுருதி பிடிப்பது கஷ்டம். வோல்டேஜைக் குறைக்கும் அட்டெனுவேட்டர் வைத்து 2 வோல்ட்டுக்குச் சுருக்கினால் செமிடோனுக்கு 12 டிகிரிக்கு மேல் இடம் கிடைக்கும். அத்தோடு அந்தப் பிரச்சினை முடிந்தது.

இனி நல்ல விஷயங்கள். வாங்கிய புதிதில் எல்லோரும் ஸ்வரங்களை மாற்றித்தான் வாசிக்கப் பார்ப்பார்கள். இத்தனை காலம் பழகியதில் எனக்குப் பட்டது வேறு. ஸ்வரங்களை ஒரு முறை நன்றாக அமைத்துவிட்டால் அவற்றைத் தொடவே வேண்டாம், நீளத்தை மாற்றினால் போதும். முதல் வரிசை 8 ஸ்டெப் ஓடுகிறது. பக்கத்தில் இன்னொரு சிறிய சீக்வென்சர் அதே க்ளாக்கில் (ஸ்டெப்பை நகர்த்தும் துடிப்பில்) 7 ஸ்டெப் ஓடுகிறது. இரண்டின் வோல்டேஜையும் கூட்டி ஒலியை உண்டாக்கும் ஒரே ஆசிலேட்டருக்கு அனுப்பினால், இரண்டும் சேர்ந்து சமத்துக்கு வர 56 ஸ்டெப் ஆகும். 120 பிபிஎம் (நிமிடத்துக்கு 120 அடி) வேகத்தில், அடியில் கால் பங்கான பதினாறாம் நோட்டு ஒன்று 125 மில்லிசெகண்ட் என்றால், அது 7 விநாடி. ஒலியின் நிறத்தை மாற்றும் ஃபில்டருக்கு 5 ஸ்டெப் நீளத்தில் மூன்றாவது ஒன்றைச் சேர்த்தால் 280 ஸ்டெப், அதாவது 35 விநாடி கழித்துத்தான் அதே ஒலி அதே இடத்தில் திரும்ப வரும். இருபது நாப்களில் அவ்வளவு நீளமான இசை அடங்கியிருக்கிறது என்பது இன்றைக்கும் எனக்கு வியப்புதான்.

வோல்டேஜை அருகிலுள்ள ஸ்வரத்துக்கு இழுத்துவிடும் குவாண்டைசரைக் கூட்டலுக்குப் பிறகுதான் வைக்க வேண்டும். முன்னால் வைத்தால் இரண்டு வரிசையும் தனித்தனியே ஸ்கேலுக்குள் இருக்கும், கூட்டியதும் வெளியே ஓடிவிடும்.

கைக்கு மிகவும் பிடித்தது அந்தத் 'தாண்டு' ஸ்விட்ச். பேஸ் வரிசை 8 ஸ்டெப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது, கிக் ட்ரம் அதன் பாட்டுக்கு அடித்துக்கொண்டிருக்கிறது. ஆறாவது ஸ்டெப்பை ஒரே ஒரு சுற்றுக்கு மட்டும் தாண்டவிட்டு, உடனே பழைய நிலைக்குக் கொண்டுவருகிறேன். அந்தச் சுற்று 7 ஸ்டெப்பில் முடிந்துவிட்டதால் வரிசை முழுதும் கிக்குக்கு ஒரு ஸ்டெப் முன்னால் நகர்ந்து நிற்கிறது. ஒரு நாப்பைக்கூடத் தொடவில்லை. ஆனால் இதுவரை பலவீனமாகக் கடந்துபோன ஸ்வரம் இப்போது அடியில் விழுகிறது, மெட்டே வேறாகக் கேட்கிறது. இன்னும் ஒரு முறை செய்தால் இன்னும் ஒரு ஸ்டெப். எட்டு முறை செய்தால் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடலாம். 1970-களில் ஜெர்மன் எலெக்ட்ரானிக் இசைக்குழு டேஞ்சரின் ட்ரீமின் கிறிஸ்டோபர் ஃபிராங்கெ போன்றவர்கள் மேடையில் மூக் சீக்வென்சரை ஓடவிட்டுக் கையால் மாற்றி மாற்றி வாசித்தது இந்தக் குடும்பத்துக் கருவியில்தான். திரையும் மெனுவும் இல்லாததன் அருமை அங்கே புரிகிறது. எந்த ஸ்டெப் ஓடுகிறது என்று விளக்கு காட்டுகிறது, அதன் கீழேயே அதன் நாப் இருக்கிறது. அவ்வளவுதான், வேறெதையும் தேட வேண்டியதில்லை.

இப்படி வரிசைகளைக் கலைத்து விளையாடினால் எப்போதாவது எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் முதல் ஸ்டெப்புக்கு இழுத்துவர வேண்டும். அதற்குத்தான் ரீசெட். க்ளாக்கை எண்ணிப் பிரிக்கும் க்ளாக் டிவைடரில் 64-க்கு ஒரு துடிப்பு எடுத்து ரீசெட்டில் செருகினால் நான்கு பாருக்கு (பதினாறு ஸ்டெப் ஒரு பார்) ஒரு முறை எல்லாம் ஒன்றுகூட வேண்டும். என் சீக்வென்சரில் கூடுவதில்லை. ரீசெட்டும் க்ளாக்கும் ஒரே நேரத்தில் வருகின்றன. க்ளாக் உள்ளீட்டுக்குப் பின்னால் துடிப்பைச் சீராக்கும் சர்க்யூட் இருப்பதால் அது ஒரு கணம் பிந்துகிறது. ரீசெட் முதலில் வேலை செய்து முதல் ஸ்டெப்புக்குப் போகிறது, பின்தங்கி வந்த க்ளாக் அங்கிருந்து இரண்டுக்குத் தள்ளிவிடுகிறது. முதல் ஸ்டெப் காதில் விழுவதே இல்லை. நான்கு பார் காத்திருந்து, கிக்கோடு சேர்ந்து ஆதார ஸ்வரம் விழ வேண்டிய அந்த இடத்தில், இரண்டாவது ஸ்வரம் வந்து நிற்கிறது. எத்தனை முறை கேட்டாலும் எரிச்சல் குறையவில்லை.

ஆதார ஸ்வரத்தை இரண்டாவது ஸ்டெப்பில் வைத்துக்கொள்ளலாமே என்று சொல்பவர்கள் உண்டு. அது சரிவராது. எட்டாவது ஸ்டெப் வந்ததும் கிளம்பும் சிக்னலான அதன் கேட்டை எடுத்து ரீசெட்டில் செருகி நீளத்தை ஏழாகக் குறைத்துப் பாருங்கள். அந்த ரீசெட்டுக்குப் பின்னால் க்ளாக் எதுவும் வராததால் அது ஒழுங்காக முதல் ஸ்டெப்பில் நிற்கும். ஒரே துளை, ஒரே கேபிள். துடிப்பு எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்து ஒரு முறை ஒன்றில் தொடங்கும், ஒரு முறை இரண்டில் தொடங்கும். வாசிக்கிறவன் இதை மனதில் வைத்துக்கொண்டே எப்படி இம்ப்ரவைஸ் செய்வது?

ரீசெட்டை மட்டும் 2 மில்லிசெகண்ட் தாமதப்படுத்தினால் சரியாகிறது. க்ளாக் முதலில் தள்ளும், பிறகு ரீசெட் முதல் ஸ்டெப்புக்கு இழுக்கும். நடுவில் அந்த 2 மில்லிசெகண்டுக்குத் தவறான ஸ்வரம் வந்துபோகும். ஒலியின் ஏற்ற இறக்கத்தை வடிவமைக்கும் என்வலப் மெதுவாக எழுந்தால் அது காதில் படாது. ஆனால் குவாண்டைசர் க்ளாக்கில் ட்ரிகர் ஆகிறதென்றால், சரியாக அந்தத் தவறான வோல்டேஜைத்தான் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆக அதற்கும் ஒரு டிலே வேண்டும். பேனலில் இரண்டு டிலே, கூடுதலாக இரண்டு கேபிள், எல்லாம் ஒரு முதல் ஸ்டெப்புக்காக. இதைத்தான் 'டிசைனே அப்படி' என்று ஒரு வரியில் முடித்துவிட்டார்கள்.

நியாயமாக இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். புதிய டிஜிட்டல் சீக்வென்சர்கள் பல, ரீசெட் வந்ததும் அதை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த க்ளாக்கில்தான் முதல் ஸ்டெப்புக்குப் போகின்றன. இந்தத் தொல்லை அவற்றில் இல்லை. ஆனால் இரண்டு க்ளாக்குக்கு நடுவில் எதுவும் நடக்காது. என்னுடையதில் நடக்கும். மெதுவாக ஏறி இறங்கும் எல்எஃப்ஓ வோல்டேஜை, அது ஓர் அளவைத் தாண்டியதும் துடிப்பு தரும் கம்பேரேட்டருக்கு அனுப்பி, அதன் வெளியீட்டை ரீசெட்டில் செருகுகிறேன். முதல் ஸ்டெப்பின் தனி கேட்டை என்வலப்புக்கும் சேர்த்துக் கொடுக்கிறேன். இப்போது கம்பேரேட்டரின் அளவைத் திருப்பத் திருப்ப, வரிசை எங்கே வேண்டுமானாலும் அறுபடுகிறது. அடிக்குக் கொஞ்சம் முன்னால் ஆதார ஸ்வரம் ஒரு முறை எட்டிப்பார்க்கிறது, அடுத்த க்ளாக்கில் இரண்டாவது ஸ்வரம் தாளத்தில் அச்சாக விழுகிறது. க்ரிட்டுக்கு வெளியே விழும் அந்த ஒற்றைத் தட்டு, நல்ல மிருதங்கக்காரர் அடிக்குச் சற்று முன்னால் வைக்கும் சொல் போல மொத்தப் பேட்டர்னுக்கும் உயிர் கொடுக்கிறது. நான் பதிவு செய்து வைத்திருப்பதில் எனக்குப் பிடித்தவை பெரும்பாலும் இந்தப் பேட்ச்சில் (கேபிள் இணைப்பில்) பிறந்தவைதான். என்னை எரிச்சல்படுத்தும் அதே அவசர ரீசெட் இல்லாவிட்டால் இது கிடையாது.

அப்படியிருந்தும், பழையது ஒன்று குறைந்த விலைக்கு வருகிறது, வாங்கலாமா என்று கேட்ட நண்பருக்கு "வேண்டாங்க, வாங்காதீங்க" என்றுதான் சொன்னேன். அவரிடம் இருக்கப்போவது இந்த ஒரே ஒரு சீக்வென்சர். ட்ரம் மெஷினோடு சேர்த்து ஓட்டப்போகிறார். நான்கு பாருக்கு ஒரு முறை அவருக்கு முதல் ஸ்வரம் வேண்டும். என்னுடையதை நான் விற்கப்போவதில்லை என்பது அவருக்குத் தெரியும், அதனால் என் பதில் அவருக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

எந்த அனலாக் சீக்வென்சரைப் பழையதாக வாங்கினாலும் இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள். ஒரே துடிப்பைப் பிரித்து க்ளாக்கிலும் ரீசெட்டிலும் ஒரு சேரச் செருகி ஓடவிடுங்கள். விளக்கு ஒன்றிலேயே நின்றால் கவலை இல்லை. இரண்டில் நின்றால் அதுவும் என்னுடைய ரகம்தான், ஒரு டிலே மாட்யூலின் காசைக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள்.