இன்ஜின் சூடேறவில்லை: கையா, ஸ்கேனரா, டாங்கிளா?

மதுரையில் கார் வைத்திருப்பவர்களுக்குத் தெரிந்த பயம் ஒன்றுதான், இன்ஜின் அதிகமாகச் சூடாகிவிடும் என்பது. சூடாகவே மாட்டேன் என்கிறது என்று ஷெட்டில் போய்ச் சொன்னால் ஏற இறங்கப் பார்ப்பார்கள். எங்கள் பெட்ரோல் காரும் ஊருக்குள் ஓடியவரை ஒரு குறையும் காட்டவில்லை. மார்கழியில் கொடைக்கானல் போனபோதுதான் விஷயம் வெளியே வந்தது. பெருமாள்மலை தாண்டியும் ஹீட்டரில் வெதுவெதுப்புக்கு மேல் காற்று வரவில்லை. மலை இறங்கும்போது, இன்ஜின் குளிர்ந்திருக்கிறது என்று காட்டும் நீல விளக்கு மறுபடி எரிந்தது. ஸ்டார்ட் செய்து சில நிமிடங்களில் அணைந்தால் அதோடு சரி, ஓடிக்கொண்டிருக்கும் காரில் அது திரும்பி வரக்கூடாது.

முதல் சந்தேகம் தெர்மோஸ்டாட் வால்வு மேல் விழும். இன்ஜின் சூடாகும்வரை, அதைக் குளிர்விக்கும் திரவமான கூலன்டை ரேடியேட்டர் பக்கம் விடாமல் தடுப்பதுதான் அதன் வேலை. பெரும்பாலான கார்களில் 82 முதல் 88 டிகிரிக்குள் உள்ளே இருக்கும் மெழுகு உருகி விரிந்து வால்வைத் திறக்கும். திறந்த நிலையிலேயே மாட்டிக்கொண்டால் இன்ஜின் உண்டாக்கும் சூட்டையெல்லாம் ரேடியேட்டர் உடனுக்குடன் காற்றில் விட்டுவிடும். வெப்பத்தை அளக்கும் சென்சார் பொய் சொல்வதும், ரேடியேட்டர் ஃபேன் நிற்காமல் ஓடுவதும் மற்ற இரண்டு சந்தேகங்கள். கூலன்ட் குறைந்திருந்தாலும் ஹீட்டர் சுடாது. அதை இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு முதலில் பார்த்துவிடுங்கள்.

இதில் எது என்று கண்டுபிடிக்க மூன்று வழிகள்: கையால் ஹோஸைத் தொட்டுப் பார்ப்பது, சர்வீஸ் சென்டரில் ஸ்கேனர் போடுவது, காரின் கம்ப்யூட்டரில் இருக்கும் எண்களைப் போனில் காட்டும் ஓபிடி டாங்கிள் என்ற சின்னக் கருவியை வாங்கி நாமே பார்ப்பது. மூன்றையும் செய்து பார்த்தேன். என் ஓட்டு டாங்கிளுக்குத்தான்.

கை வைத்தியத்துக்குச் செலவே கிடையாது. ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்துவிட்டு, ரேடியேட்டரின் மேல் ஹோஸை அவ்வப்போது தொட்டுப் பார்க்க வேண்டும். வால்வு நன்றாக இருந்தால் ஹோஸ் வெகுநேரம் குளிர்ந்தே இருக்கும், பிறகு திடீரென்று சுடும். ஆரம்பத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறிக்கொண்டு வந்தால் வால்வு திறந்து கிடக்கிறது. சில இன்ஜின்களில் வால்வு கீழ் ஹோஸ் பக்கம் இருக்கும், அங்கே கீழ் ஹோஸைத்தான் பார்க்க வேண்டும். ஃபேன் எந்த நேரமும் சுற்ற ஆரம்பிக்கலாம், கையும் சட்டையும் ஜாக்கிரதை. இதில் எனக்கு வந்த சிக்கல் வேறு. நம் ஊர் மத்தியான வெயிலில் பானெட்டுக்குள் எல்லாமே ஏற்கெனவே சூடாகத்தான் இருக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாகவா, திடீரென்றா என்று என் கையால் சொல்ல முடியவில்லை. முப்பது வருஷமாக இந்த வேலை செய்கிற கைக்கு அது தெரியலாம்.

சர்வீஸ் சென்டர் கதை சுருக்கமானது. ஸ்கேனரை மாட்டினார்கள், கோளாறு இருந்தால் கம்ப்யூட்டர் பதிந்துவைக்கும் கோடு (code) எதுவும் இல்லை என்றார்கள், இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டு 90 டிகிரி காட்டினார்கள். "எல்லாம் நார்மல் சார்." பில்லும் வந்தது. அவர்கள் பொய் சொல்லவில்லை, 90 வந்தது உண்மைதான். டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்ததும் காய்ச்சல் விட்டுப்போகிற பிள்ளை மாதிரி நடந்துகொண்டது கார்.

எனக்கு முடிவைத் தீர்த்துவைத்தது இந்த இடம்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வால்வு திறந்தே கிடந்தாலும், நிற்கிற காரில் ரேடியேட்டர் வழியே காற்று போவதில்லை. வெளியே 35 டிகிரி வெயில் வேறு. எனவே இன்ஜின் மெதுவாகவாவது 90-ஐத் தொட்டுவிடும். டிராஃபிக்கில் ஊர்ந்தாலும் அப்படித்தான். அதே கார் குளிர் காற்றில் 80 கிலோமீட்டர் வேகத்தில் சீராகப் போகும்போது நிலைமை தலைகீழ். அந்த வேகத்தைத் தக்கவைக்க இன்ஜினுக்குப் பெரிய உழைப்பு வேண்டியதில்லை, அதனால் சூடும் குறைவு. எதிர்க்காற்றோ ரேடியேட்டரை விடாமல் குளிர்விக்கிறது. மலை இறங்கும்போது இன்னும் மோசம். இரண்டாவது கியரில் ஆக்சிலரேட்டரை விட்டு இறங்கினால் பெட்ரோலே போகாது, சூட்டுக்கு வழியே இல்லை. ஆக இந்தக் கோளாறு ஓட்டத்தில் மட்டும் தெரிகிற கோளாறு. ஷெட்டில் நிறுத்தி வைத்துச் செய்கிற எந்தச் சோதனையும், எவ்வளவு விலையுள்ள ஸ்கேனராக இருந்தாலும், பாதிக் கதையைத்தான் சொல்லும்.

கோடு இல்லை என்பதையும் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இதற்கென்றே பி0128 என்று ஒரு கோடு உண்டு, கூலன்ட் எதிர்பார்த்த சூட்டுக்கு வரவில்லை என்று அர்த்தம். ஆனால் ஸ்டார்ட் செய்தபோது இருந்த வெப்பம், ஓடிய நேரம் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துத்தான் கம்ப்யூட்டர் அந்தக் கோடைப் போடும். மதுரை வெயிலில் அது விழாமலே போகலாம்.

டாங்கிள் ஆயிரம் ரூபாய்க்குள் ஆன்லைனில் கிடைக்கிறது. ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் சாக்கெட்டில் சொருகி, ப்ளூடூத் வழியாகப் போனில் ஒரு ஆப்பில் பார்க்க வேண்டியதுதான். ஐபோன்காரர்கள் தங்கள் போனோடு சேரும் மாடலா என்று பார்த்து வாங்க வேண்டும். மலிவான சிலது சில கார்களோடு பேசவே மறுக்கும். வேலை முடிந்ததும் கழற்றிவிடுவது பேட்டரிக்கு நல்லது.

விடியற்காலையில் சாவியை ஆன் மட்டும் செய்து, ஸ்டார்ட் செய்யாமல், கூலன்ட் வெப்பத்தையும் இன்ஜின் இழுக்கும் காற்றின் வெப்பத்தையும் பார்த்தேன். ராத்திரி முழுக்க நின்ற காரில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். 23, 24 என்று வந்தது. சென்சார் மேலிருந்த சந்தேகம் பெரும்பாலும் அங்கேயே தீர்ந்தது. பெரும்பாலும் என்கிறேன், ஏனென்றால் குளிரில் சரியாகக் காட்டிவிட்டுச் சூட்டில் மட்டும் தப்பாகக் காட்டும் சென்சாரும் உண்டு. ஏசியை அணைத்துவிட்டுக் கிளம்பினேன். ஏசி போட்டால் ஃபேன் ஓடும், கணக்குக் குழம்பும்.

நாலுவழிச் சாலையில் திருமங்கலம் பக்கம் போகும்போது மனைவியின் தம்பி பக்கத்தில் உட்கார்ந்து எண்ணைப் படித்துக்கொண்டு வந்தான். ஓட்டுகிறவர் போனைப் பார்க்கக் கூடாது. ஊருக்குள் 80 வரை ஏறியிருந்தது, வேகம் எடுத்ததும் இறங்க ஆரம்பித்தது. "எழுபத்தொண்ணு... அறுபத்தாறுக்கு வந்துருச்சு மாமா." கப்பலூர் டோல்கேட் வரிசையில் நின்றதும் மறுபடி ஏறி 84. கிளம்பியதும் திரும்ப இறக்கம். நல்ல வால்வாக இருந்தால் 80-களில் ஓரிடத்தில் மூடிக்கொண்டு இறக்கத்தைப் பிடித்து நிறுத்தியிருக்கும். அந்த எண்களை போனில் அப்படியே பதிவு செய்து ஷெட்டில் காட்டினேன். அதற்குப் பிறகு யாரும் நார்மல் என்று சொல்லவில்லை.

டேஷ்போர்டு முள்ளே போதாதா என்று கேட்கலாம். பல கார்களில் 75-லிருந்து நூறு தாண்டும்வரை முள் நடுவிலேயே நிற்கும்படிதான் அமைத்திருக்கிறார்கள், ஓட்டுபவர் பதறக்கூடாது என்று. கொஞ்சம் சீக்கிரமாகத் திறந்துகொள்ளும் வால்வை அந்த முள் காட்டிக்கொடுக்காது.

ஷெட்டில் இன்னொரு யோசனையும் வந்தது. "வால்வக் கழட்டி வீசிருவோம்ண்ணே, நம்ம ஊரு சூட்டுக்கு அது எதுக்கு?" இந்தப் பக்கம் பல கார்கள் அப்படித்தான் ஓடுகின்றன. நான் சம்மதிக்கவில்லை. கழற்றுவது என்றால் இப்போது இருக்கும் கோளாறை நிரந்தரமாக்குவது. குளிர்ந்த இன்ஜின் என்று நினைத்துக் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூடுதலாக விடும், மைலேஜ் அடிவாங்கும், எரியாத பெட்ரோல் ஆயிலில் கலக்கும். சில இன்ஜின்களில் வால்வு திறக்கும்போது பைபாஸ் வழியையும் அதுவேதான் மூடுகிறது. எடுத்துவிட்டால் கூலன்டில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் சுற்றிக்கொண்டிருக்கும். அக்னி நட்சத்திரத்தில் அதுவே ஹீட் பிரச்சினையாக வந்து நிற்கும்.

பழைய வால்வை வெளியே எடுத்ததும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். ஆறிப்போன பிறகும் தட்டுக்கும் வளையத்துக்கும் நடுவே பிறைபோல ஒரு இடைவெளி. புதியது போட்டபின் கொடைக்கானல் இறக்கத்தில் 79-க்குக் கீழே போகவில்லை. வாங்கும்போது வால்வில் பொறித்திருக்கும் டிகிரி எண் பழையதோடு ஒத்துப்போகிறதா என்று மட்டும் பாருங்கள்.

டீசல் கார் நான் வைத்திருந்ததில்லை. டீசல் இன்ஜின் ஐடிலில் சூடேற இயல்பாகவே நேரம் எடுக்கும், அதனால் நான் சொன்ன எண்களை அப்படியே அதில் பொருத்த வேண்டாம். ஆனால் பிஎஸ்-6 டீசலில் இதைத் தள்ளிப்போடவும் கூடாது, இன்ஜின் போதிய சூட்டுக்கு வராவிட்டால் புகை வடிகட்டி தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும் வேலையே தடைப்படும்.

சாக்கெட்டே இல்லாத அம்பாசடர், பழைய மாருதி 800 போன்றவற்றுக்கு டாங்கிளால் பயனில்லை. அங்கே கைதான், அல்லது தூரத்திலிருந்தே சூட்டை அளக்கும் இன்ஃப்ராரெட் துப்பாக்கி. விடிகாலையில் நாலுவழிச் சாலையில் அரை மணி நேரம் சீராக ஓட்டி, ஓரமாக நிறுத்திய உடனே பானெட்டைத் திறந்து, வால்வு இருக்கும் உலோகக் கூட்டை நோக்கி அந்தத் துப்பாக்கியைக் காட்டிச் சூட்டைப் பாருங்கள். இரண்டு நிமிடம் தாமதித்தால் எண் ஏறிவிடும்.