ட்ரூப்பியா, ஹைலக்ஸா, வேனா? தார்ச்சாலையை விட்டு இறங்கும் முன் ஒரு அலசல்

ஆஸ்திரேலியாவில் கேம்பர், அதாவது தூங்கவும் சமைக்கவும் வசதியுள்ள வண்டி, எடுத்துக்கொண்டு காடு மேடு சுற்ற ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் கேட்பது எப்போதும் ஒரே கேள்விதான்: "ஃபோர் வீல் டிரைவ் எடுக்கலாம்னு இருக்கோம், எந்த வண்டி நல்லது?" நான் திருப்பிக் கேட்பது இரண்டு: எந்தப் பாதை, எத்தனை பேர்? இதற்குப் பதில் வந்துவிட்டால் வண்டி தானாகவே முடிவாகிவிடும். நாலு சக்கரமும் சுற்றுகிறதா என்பது கடைசியாகப் பார்க்க வேண்டிய விஷயம். நான் சொல்லப்போகும் மூன்று வண்டியிலும் அது சுற்றும். கனம், உயரம், லோ ரேஞ்ச் கியர் (மெதுவாக, அதிக இழுவையோடு ஓட உதவும் தாழ்ந்த கியர்) ஆகிய மூன்றில்தான் ஒன்றுக்கொன்று வித்தியாசம்.

முதலாவது, டொயோட்டா லேண்ட் குரூசர் 70 வரிசையில் வரும் ட்ரூப் கேரியர். இங்கே எல்லோருக்கும் அது 'ட்ரூப்பி'. கூரையை வெட்டி, மேலே தூக்கும் கேன்வாஸ் கூரை வைத்து உள்ளேயே படுக்கை போட்டிருப்பார்கள். இரண்டாவது, டொயோட்டா ஹைலக்ஸ் மாதிரி டபுள் கேப் யூட், அதாவது இரண்டு வரிசை இருக்கையும் பின்னால் திறந்த தட்டும் உள்ள பிக்கப். தலையில் ஒன்றோ இரண்டோ கூடாரம், பின்தட்டில் அடுப்பும் ஃபிரிட்ஜும். மூன்றாவது, மெர்சிடீஸ் ஸ்பிரிண்டர் மாதிரி பெரிய ஆல் வீல் டிரைவ் வேன். உள்ளே நிமிர்ந்து நிற்கலாம், கட்டில் இருக்கும், சிலவற்றில் கழிப்பறையும் உண்டு.

மணலில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் நான் அதிகம் ஓட்டியது அங்கேதான். பிரிஸ்பேனில் இருக்கும் எங்களுக்கு முதல் பாடசாலை கரி தீவு. ஃப்ரேசர் தீவு என்று பல காலம் அழைக்கப்பட்ட இடம், 2023-இல் அங்கத்துப் பூர்வகுடிகளான புட்சுலா மக்கள் வைத்த பழைய பெயரே அதிகாரப்பூர்வமாகத் திரும்பி வந்தது. உலகத்திலேயே பெரிய மணல் தீவு, நீளம் 120 கிலோமீட்டருக்கு மேல். கிழக்குக் கடற்கரைதான் நெடுஞ்சாலை. மணிக்கு 80 கிலோமீட்டர் வேக வரம்பு, சாலை விதிகள், போலீஸ் எல்லாம் உண்டு. அந்த மணலிலேயே சின்ன விமானமும் இறங்கும்.

ஆனால் சிக்கல் தீவில் கால் வைக்கும் முன்பே வந்துவிடும். இன்ஸ்கிப் முனையில் படகுத்துறை கிடையாது. படகு நேராகக் கரையில் வந்து முட்டி நிற்கும், நாம் இளமணலில் ஓட்டிப்போய் ஏற வேண்டும். ஒருமுறை எங்கள் குடும்ப நண்பர், நாங்கள் அண்ணா என்று கூப்பிடுகிறவர், தன் சொந்த ஆல் வீல் டிரைவ் வேனில் எங்களுக்கு முன்னால் போனார். டயரில் நெடுஞ்சாலைக் காற்று. கொஞ்சம் இறக்கியதாகச் சொன்னார். அளந்து பார்த்தால் 32 பி.எஸ்.ஐ. முப்பது அடி கூடப் போகவில்லை, வேன் வயிறு மணலில் உட்கார்ந்துவிட்டது.

"நாலு சக்கரமும் சுத்துதேடா, ஏன் நகர மாட்டேங்குது?"

"அண்ணா, ஆக்சிலேட்டரை விடுங்க. சுத்த சுத்தக் குழிதான் ஆழமாகும்."

சக்கரத்துக்கு முன்னால் இருந்த மணலைக் கையால் வாரினோம். அடியில் தட்டிய மேட்டை மண்வெட்டியால் சரித்தோம். நாலு டயரையும் 18-க்கு இறக்கினோம். வால்விலிருந்து காற்று சீறிப் போகும்போதே டயர் அடியில் பிதுங்கி, மணலில் பதியும் தடம் நீண்டுகொண்டு வருவது கண்ணுக்குத் தெரிந்தது. ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலை அணைத்தோம். அது இயங்கிக்கொண்டிருந்தால், சக்கரம் வழுக்கும் ஒவ்வொரு முறையும் பிரேக்கைப் பிடித்து என்ஜின் பலத்தைக் குறைத்துவிடும். மணலில் நமக்கு வேண்டியதோ நிற்காத ஓட்டம். பிளாஸ்டிக் மீட்புப் பலகைகளைச் செருகி, மெதுவாக மிதித்ததும் வேன் ஏறி வந்துவிட்டது.

அந்த வேன் மோசமான வண்டி இல்லை. ஆனால் அன்றைக்கு என் மனதில் ஒன்று பதிந்தது: கனமான வண்டிக்குத் தப்பு செய்ய இடம் கிடையாது. ஹைலக்ஸ் அதே மணலில் 22-லும் போயிருக்கும். வீடு மாதிரிக் கட்டிய வேன் மூன்றரை டன்னைச் சுலபமாகத் தாண்டும். அதோடு இப்போது வரும் ஆல் வீல் டிரைவ் ஸ்பிரிண்டரில் லோ ரேஞ்ச் கியர் இல்லை. பழைய ஃபோர் பை ஃபோர் ஸ்பிரிண்டரில் தனியாகப் பணம் கட்டினால் கிடைத்தது, அதனால் வாங்குகிறவர்கள் எந்த வருடத்து வண்டி என்று கட்டாயம் பாருங்கள். லோ ரேஞ்ச் இல்லாமல் இளமணலில் நெடுந்தூரம் உந்தினால் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் கொதித்துவிடும்.

மணலுக்கு ட்ரூப்பிதான் ராஜா என்று பலர் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 2007-இல் 4.5 லிட்டர் வி8 டீசல் என்ஜினை நுழைக்க முன்பக்கத்தை அகலப்படுத்தினார்கள், பின் அச்சை மட்டும் பழையபடி விட்டுவிட்டார்கள். அதனால் பின்சக்கரங்களின் இடைவெளி முன்சக்கரங்களைவிட ஏறக்குறைய 95 மில்லிமீட்டர் குறைவு. தார்ச்சாலையில் இது தெரியவே தெரியாது. மணலில் முன்சக்கரம் அமுக்கிக் கொடுத்த தடத்தில் பின்சக்கரம் முழுசாக உட்காராமல், ஓரத்தில் புதிதாக ஒரு தடம் வெட்டிக்கொண்டே வரும். அத்தனையும் வீண் உழைப்பு. முன்னும் பின்னும் டிஃப் லாக் (ஒரே அச்சின் இரண்டு சக்கரத்தையும் சேர்த்துச் சுற்ற வைக்கும் பூட்டு) உள்ள ட்ரூப்பி எப்படியும் வெளியே வந்துவிடும், அது வேறு கதை. ஆனால் ஓட்டுகிறவருக்குக் களைப்பில்லாத வண்டி ஹைலக்ஸ்தான். சக்கரங்கள் ஒரே தடத்தில் போகும், கனம் குறைவு, 2.8 லிட்டர் டீசலில் ஆட்டோமேட்டிக்கோடு 500 நியூட்டன் மீட்டர் இழுவை, லோ ரேஞ்சும் உண்டு. தீவின் உட்புறக் காட்டுப் பாதைகள் ஒரு வண்டி அகலம்தான், எதிரே வண்டி வந்தால் யாராவது ரிவர்ஸ் போக வேண்டும். ஆறேழு மீட்டர் வேனில் அதைச் செய்யும்போது கிளை கூரையை உரசும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும்.

அப்புறம் குழந்தைகள். கரியில் டிங்கோ என்ற காட்டு நாய்கள் முகாமுக்குள்ளேயே வரும். சாப்பாட்டை வெளியே வைக்கக்கூடாது, சின்னப் பிள்ளைகளைக் கை தூரத்தில் வைத்திருக்க வேண்டும். தரையில் கூடாரம் போடுவதைவிட வண்டி உச்சியில் தூங்குவது அங்கே பெரிய நிம்மதி. அந்த ஒரு காரணத்துக்காகவே பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு நான் ஹைலக்ஸும் கூரைக் கூடாரமும் சொல்வேன். அஞ்சு பேர் பெல்ட் போட்டு உட்காரலாம். ட்ரூப்பி கேம்பர்களில் பெரும்பாலும் முன்னால் இரண்டே இருக்கைதான்.

இதே ஹைலக்ஸை கிப் ரிவர் சாலைக்கு எடுத்துப் போகிறேன் என்றால் கொஞ்சம் யோசிப்பேன். மேற்கு ஆஸ்திரேலியாவின் கிம்பர்லியில், டெர்பியிலிருந்து குனனரா பக்கம் வரை சுமார் 660 கிலோமீட்டர், ஒரு காலத்தில் பண்ணை மாடுகளை ஏற்றிப்போகப் போட்ட சாலை. அங்கே எதிரி மணல் அல்ல, வரிப்பள்ளம். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைத் தரையில் போட்டு அதன்மேல் நாள் முழுக்க ஓட்டினால் எப்படி இருக்கும்? அப்படித்தான். பல்லிலிருந்து முதுகெலும்பு வரை அதிரும். நாங்கள் போனபோது இரண்டாம் நாள் மாலை சமையல் பெட்டியைத் திறந்தால் மஞ்சள்தூள் டப்பாவின் திருகுமூடி தானாகவே கழன்று, அரிசிப் பை, ஸ்டவ், மாற்றுத்துணி எல்லாம் ஒரே மஞ்சள். பக்கத்தில் அடுக்கி வைத்த தகர டின் ஒன்று இன்னொன்றை உரசி உரசி ஓட்டையாகி, கொண்டைக்கடலைத் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு டப்பாவையும் துணியில் சுற்றித்தான் வைக்கிறேன்.

டப்பாவுக்கு நடப்பதுதான் வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸுக்கும் நடக்கிறது. டபுள் கேப் யூட்டில் பயணிகள் அறை நீளம், அதனால் பின்தட்டின் பெரும்பகுதி பின் அச்சுக்கும் அப்பால் நீட்டிக்கொண்டு நிற்கும். அங்கே தண்ணீர், ஃபிரிட்ஜ், பேட்டரி, கூடாரம் என்று ஏற்றி, கொக்கியில் ஒரு டிரெய்லரும் மாட்டினால், ஒவ்வொரு பள்ளத்திலும் வண்டியின் நடுமுதுகு வளைகிறது. பின்னால் தாழ்கிறதே என்று பின் சஸ்பென்ஷனில் காற்றுப் பை போடுகிறவர்கள் பாரத்தையெல்லாம் சேஸிஸின் ஒரே புள்ளியில் குத்துகிறார்கள். அறைக்கும் தட்டுக்கும் நடுவே சேஸிஸ் வளைந்துபோன யூட்கள் இந்த நாட்டில் அபூர்வமில்லை. டிரெய்லர் இல்லாமல், அளவாக ஏற்றினால் ஹைலக்ஸ் கிப்பை நன்றாகவே தாண்டும். ஆனால் அளவாக ஏற்றுகிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

ட்ரூப்பி பிறந்ததே இதற்குத்தான். சுமையின் பெரும்பங்கு இரண்டு அச்சுக்கும் நடுவே உட்காருகிறது. வி8 ட்ரூப்பியில் தலா 90 லிட்டரில் இரண்டு டாங்க். சிம்ப்சன் பாலைவனத்தில் மவுண்ட் டேரிலிருந்து பேர்ட்ஸ்வில் வரை டீசல் போட இடமே கிடையாது, அங்கெல்லாம் இந்த 180 லிட்டர் உயிர் மாதிரி. ஹைலக்ஸில் 80 லிட்டர்தான், கேன் சுமந்தாக வேண்டும். கிப்பிலிருந்து பிரிந்து மிட்செல் அருவிக்குப் போகும் பாதை கிப்பையே நல்ல சாலை என்று சொல்ல வைக்கும், அங்கே வேனைக் கொண்டுபோவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். கிப்பில் மட்டும் என்றால், ஆற்றில் தண்ணீர் குறைந்திருக்கும் மாதங்களில், டயர் காற்றைக் குறைத்து மெதுவாகப் போகிற வேன் போய்ச் சேரும். உள்ளே உள்ள பிளைவுட் அலமாரியின் திருகுகளைத் தினமும் இறுக்க வேண்டியிருக்கும். பெண்டகோஸ்ட் ஆற்றைக் கடக்கும்போது இன்னொன்று நினைவிருக்கட்டும்: ஆழம் பார்க்க இறங்கி நடக்கிற பழக்கம் அங்கே கூடாது. உவர்நீர் முதலைகள் இருக்கின்றன. கரையில் காத்திருந்து முன்னால் போகிற வண்டியின் சக்கரத்தில் தண்ணீர் எதுவரை ஏறுகிறது என்று பாருங்கள்.

எடைக் கணக்கை யாரும் போடுவதில்லை, அதுதான் என் பெரிய ஆதங்கம். வண்டி மொத்தமாக எவ்வளவு கனம் இருக்கலாம் என்பதற்கு ஜி.வி.எம். என்ற சட்ட வரம்பு உண்டு. ட்ரூப்பியின் டாங்கை நிரப்பினால் டீசல் மட்டுமே 150 கிலோ. குடிநீர் 60 லிட்டர் என்றால் 60 கிலோ. கூரைக் கூடாரம் ஒன்று 60, 70 கிலோ, அதுவும் உச்சியில். இதோடு இரண்டு பெரியவர்கள். வரம்பைத் தாண்டிவிட்டால், விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கையை விரிக்கலாம். வண்டிகளை நிறுக்கும் பொது எடைமேடையில் ஒருமுறை எடை போட்டுப் பாருங்கள், பலருக்குத் தூக்கிவாரிப் போடும்.

இரவில் மட்டும் வேன் எல்லாரையும் வென்றுவிடுகிறது. மழை பெய்யும்போது உள்ளே நின்றுகொண்டு ரசம் வைக்கலாம், ஈரத்துணியைக் கழற்றி மாட்டலாம். கூரைக் கூடாரத்தில் காற்றடித்தால் துணி படபடவென்று அடித்துத் தூங்க விடாது, காலையில் நனைந்த துணியை மடித்தால்தான் வண்டியே நகரும். ட்ரூப்பி நடுவில் நிற்கிறது: இடம் நெருக்கம், பின்கதவு இடுக்கு வழியாகப் புழுதி வரும், ஆனால் படுக்கையிலிருந்து இறங்காமலேயே ஓட்டுநர் இருக்கைக்குத் தவழ்ந்து வந்து கிளம்பிவிடலாம். இருட்டில் முன்பின் தெரியாத இடத்தில் தங்கும்போது அது பெரிய தைரியம். அதனால் ஆறு மாதம் நாட்டைச் சுற்றப் போகிற தம்பதி, அதில் முக்கால்வாசி தார்ச்சாலை என்றால், வேன் எடுப்பதில் தப்பே இல்லை. கரிக்கு வேண்டுமானால் மூன்று நாளைக்கு ஒரு ஹைலக்ஸை வாடகைக்கு எடுத்துக்கொள்ளட்டும். இரண்டு பேர், கிப், மிட்செல் அருவி, சிம்ப்சன் என்றால் ட்ரூப்பிதான், வேறு யோசனையே வேண்டாம்.

வாடகைக்கு எடுக்கிறவர்கள் சாவி வாங்குவதற்கு முன் ஒப்பந்தத்தில் எந்தப் பாதைகளுக்குத் தடை என்று வரி வரியாகப் படியுங்கள். ஆற்றில் இறங்கித் தண்ணீர் புகுந்தாலோ, கூரையோ அடிப்பாகமோ அடிபட்டாலோ பெரும்பாலும் காப்பீடு வராது. லோ ரேஞ்ச் லீவரைக் கண் முன்னால் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஜாக் எங்கே, காற்றளவுக் கருவி எங்கே, கம்ப்ரெஸர் வேலை செய்கிறதா என்று பாருங்கள். மணலிலிருந்து தார்ச்சாலைக்கு ஏறியதும் அதே கம்ப்ரெஸரை மாட்டிக் காற்றை ஏற்றிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். 18 பி.எஸ்.ஐ.-யில் நெடுஞ்சாலை வேகம் போனால் டயர் சூடேறி வெடிக்கும். நாலு டயருக்கும் சேர்த்து இருபது நிமிஷம் ஆகலாம், அந்த நேரத்தில் பிள்ளைகள் காலில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு ஒரு டீ போட்டுவிடலாம்.