ஒரே கேமராவை இரண்டு இன்புட்டிலும் கொடுத்துக் காட்டினால் நம்பாதீர்கள்: பழைய வீடியோ மிக்ஸர் வைத்திருப்போருக்கு எச்சரிக்கை

கல்யாணம், கோயில் கொடை, அசனப் பண்டிகை என்று நெல்லைச் சீமையில் இன்னமும் பழைய பானசோனிக் எம்.எக்ஸ் 50 மாதிரி மிக்ஸரை (இரண்டு கேமராப் படங்களை மாற்றியும் கலந்தும் தரும் பெட்டி) ஓட்டுகிறவர்கள் இதைக் கவனித்துப் படிக்கவும்.

வள்ளியூர்ப் பக்கத்து வீடியோக்காரர் ஒருவர், ஏ, பி என்ற இரண்டு பக்கங்களில் பி பக்கத்துப் படம் அவ்வப்போது கிழிகிறது என்று திருநெல்வேலியில் ஒரு கடையில் மிக்ஸரைக் கொடுத்தார். “மெமரி ஐசி போயிட்டு அண்ணாச்சி, மெட்ராஸ்லருந்து வரவழைச்சு மாட்டிருக்கோம்” என்று சொல்லி 7,800 ரூபாய் வாங்கினார்கள். ரசீது என்று தந்தது ஒரு துண்டுச் சீட்டு. அதில் மெமரி ஐசி இரண்டு, கண்டன்சர் செட், பேடர் (ஒரு படத்திலிருந்து மற்றதற்கு மாற்றும் இழுப்புப் பிடி) சர்வீஸ் என்று மட்டும் இருந்தது. கடையில் ஓட்டிக் காட்டியபோது படம் அசையாமல் நின்றது. கொடை அன்று ராத்திரி, வில்லுப்பாட்டு மேடைக்கு எதிரே இரண்டாவது கேமராவைச் சொருகியதும் பி பக்கம் மறுபடி கிழிந்தது. ஏ பக்கத்தில் வேறொரு கோளாறு புதிதாக வந்திருந்தது: வேட்டியும் விளக்கும் வெள்ளையாக எரிந்து, அதற்குள் எதுவும் தெரியவில்லை.

கடையில் நன்றாக நின்ற படம் மேடையில் நிற்காததற்குக் காரணம், அவர்கள் சோதித்துக் காட்டிய விதம். ஒரே கேமராவின் ஒயரில் இரண்டாகப் பிரிக்கும் டி கனெக்டர் போட்டு, இரண்டு இன்புட்டிலும் கொடுத்திருக்கிறார்கள். இந்த மிக்ஸருக்குள் இரண்டு பஸ்ஸுக்கும், அதாவது ஏ, பி பக்கங்களுக்கும், தனித்தனியே ஃபிரேம் சிங்க்ரனைசர் உண்டு. தனித்தனியாக ஓடும் இரண்டு கேமராக்களின் படத்தையும் மெமரியில் வாங்கி, ஒரே நேரக்கணக்குக்குக் கொண்டுவந்து வெளியே விடுவதுதான் அதன் வேலை. ஒரே கேமராவைப் பிரித்துக் கொடுத்தால் இரண்டு சிக்னலும் ஏற்கெனவே ஒரே கணக்கில்தான் வருகின்றன. அந்தப் பகுதிக்குச் சோதனையே இல்லை. அதோடு, இரண்டு பக்கமும் ஒரே படம் என்பதால் பேடரை இழுத்தாலும் வைப் (ஒரு படம் மற்றதைத் துடைத்துக்கொண்டு வருவது) போட்டாலும் திரையில் ஒன்றும் மாறாது. பேடர் வேலை செய்கிறதா என்பதுகூட அங்கே நின்று பார்ப்பவருக்குத் தெரியாது.

சரியான சோதனைக்கு இரண்டு வேறு கேமராக்கள் வேண்டும், பொறுமையும் வேண்டும். இரண்டு கேமராக்களின் நேரக்கணக்கை நடத்தும் கிரிஸ்டலுக்கும் இடையே பத்து லட்சத்தில் 10 பங்கு வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டு பால் (PAL) சிஸ்டத்தில் ஒரு வரி 64 மைக்ரோ நொடி, 6.4 நொடிக்கு ஒரு வரி நழுவும். ஒரு முழு ஃபிரேம், அதாவது 40 மில்லி நொடி, நழுவ 4,000 நொடி ஆகும். ஒரு மணி நேரத்துக்கும் மேல். ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டு “ஓகே” என்று கட்டிக் கொடுப்பதை ஏற்காதீர்கள். ஒரு மணி நேரத்துக்கும் மேலாகவே ஓடட்டும். பேடரை நடுவில் நிறுத்தி இரண்டு படமும் கலந்திருக்கும் நிலையில் வைத்து, நேர்க்கோடுகள் வளைகிறதா, நிறம் விட்டுப் போகிறதா என்று பார்க்க வேண்டும். பெட்டி சூடேறிய பிறகு வரும் கோளாறும் அப்போதுதான் வெளியே தெரியும்.

வெள்ளை எரிந்ததற்கும் அதே டி கனெக்டர்தான் காரணம். காம்போசிட் சிக்னல் (படமும் சின்க் என்ற நேரக்கணக்குத் துடிப்பும் ஒரே ஒயரில் வருவது) 75 ஓம் டெர்மினேஷனில், அதாவது ஒயர் முனையில் விழும் சுமையில், 1 வோல்ட் இருக்க வேண்டும், சின்க் 0.3, படம் 0.7. இரண்டு இன்புட்டிலும் 75 ஓம் விழும்போது அது சுமார் 0.67 வோல்ட்டாக இறங்கிவிடும், படம் மங்கும். ஒயரைக் கழற்றிப் பார்க்க வேண்டிய இடத்தில், உள்ளே சிக்னல் அளவைக் கூட்டிக் குறைக்கும் லெவல் டிரிம்மரைத் திருப்பி மங்கலைச் சரிக்கட்டியிருக்கிறார்கள். பிறகு ஒற்றைக் கேமராவின் முறையான 1 வோல்ட் வந்தால் உள்ளே ஒன்றரை மடங்காகத்தானே போகும்? தொழிற்சாலையில் வைத்த டிரிம்மரைத் தொடுவதற்கு முன் கலர் பார் ஜெனரேட்டரும் ஆசிலோஸ்கோப்பும் மேசையில் இருக்க வேண்டும். இல்லாத இடத்தில் டிரிம்மரைத் தொடவே விடாதீர்கள். எதிர்ப்பக்கத் தவறும் உண்டு: டெர்மினேஷனே இல்லாமல் விட்டால் 2 வோல்ட் வந்து நிற்கும்.

இனி, அந்த மிக்ஸரின் கவரைக் கழற்றிப் பார்த்தபோது கண்டது. மெமரி ஐசி எதையும் மாற்றவில்லை. கால்களில் கம்பெனி ஈயம் ஒரே சீராக இருக்கிறது, இடுக்கில் பழைய செம்மண் தூசிகூட அப்படியே இருக்கிறது. மாற்றிய ஐசி என்றால் ஃபிளக்ஸ் கறையோ ஈயத்தின் பளபளப்பு வித்தியாசமோ லென்ஸில் பெரும்பாலும் தெரிந்துவிடும். ஐசிக்கென்று வாங்கிய பணம் முழுக்க ஏமாற்று.

உண்மையான கோளாறு, பி பக்கத்து சின்க் பகுதியைச் சுற்றியிருந்த போர்டின் மேலேயே ஈயம் வைத்து ஒட்டிய சின்ன எஸ்.எம்.டி. எலக்ட்ரோலைட்டிக் கண்டன்சர்கள். 1980களின் கடைசியிலும் 1990களின் தொடக்கத்திலும் வந்த ஜப்பான் சாமான்களில் இவை அடியில் கசிவது ஊரறிந்த வியாதி. கசியும் திரவம் மின்சாரம் கடத்தும், செம்புத் தடத்தையும் தின்னும். ஈயப் பற்றுகோல் (சால்டரிங் அயர்ன்) வைத்ததும் மீன் வாடை வந்தால் அது கசிந்துவிட்டது என்று அர்த்தம். உவரி, இடிந்தகரை மாதிரிக் கடற்கரை ஊர்களில் ஓடிய பெட்டிகளில் உப்புக்காற்றும் சேர்ந்து தடங்களை இன்னும் சீக்கிரம் அரிக்கும்.

கண்டன்சரை மட்டும் அந்தக் கடை மாற்றியிருக்கிறது. அதுவும் கசிவைக் கழுவாமல். பழையதை இடுக்கியால் நெம்பியதில் நான்கு பேடுகள் (சாமானின் காலை ஈயம் வைக்கும் செம்புத் தட்டுகள்) கிழிந்து, ஒயரால் ஒட்டுப் போட்டிருக்கிறது. இரண்டு இடத்தில் டேண்டலம் வகைக் கண்டன்சர் போட்டு, அதையும் தலைகீழாக வைத்திருக்கிறார்கள். அலுமினிய எலக்ட்ரோலைட்டிக்கில் கறுப்புப் பட்டை நெகட்டிவ். டேண்டலத்தில் பட்டை பாசிட்டிவ். பட்டைக்குப் பட்டை பார்த்து வைத்தால் தலைகீழாகத்தான் விழும். தலைகீழ் டேண்டலம் சில நாள் ஓடிவிட்டுப் பிறகு ஷார்ட் ஆகும், சமயத்தில் தீயும் பிடிக்கும். இது சாதாரணக் கவனக்குறைவு அல்ல. பெட்டியையே பறிகொடுக்க வைக்கும் வேலை.

முறையாகச் செய்வதென்றால், முதலில் ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் மெல்லிய பிரஷும் கொண்டு போர்டைக் கழுவ வேண்டும். பிறகு இரண்டு பேடையும் சேர்த்துச் சூடாக்கும் ட்வீசர் அயர்னாலோ இரண்டு பற்றுகோலாலோ, 330 டிகிரி அளவில், ஈயம் முழுக்க இளகிய பிறகே தூக்க வேண்டும், நெம்பக் கூடாது. பேடுகளை விக் (ஈயத்தை உறிஞ்சும் செம்புப் பின்னல்) வைத்துத் துடைத்து, மறுபடி கழுவி, காயவிட்டு, ஒவ்வொரு தடத்தையும் மீட்டரில் தொடர்ச்சி பார்க்க வேண்டும். போர்டின் இரு பக்கத் தடத்தையும் இணைக்கும் துளை கண்ணுக்கு நன்றாக இருப்பதுபோல் தெரிந்தாலும் உள்ளே அறுந்திருக்கும். புதிதாகப் போடுவது 105 டிகிரி, அதே மைக்ரோஃபாரட், அதே வோல்ட்டோ அடுத்த படியோ. டேண்டலம்தான் என்றால் அங்கே ஓடும் வோல்ட்டைப் போல் இரு மடங்கு தாங்குவதாக இருக்கட்டும். பவர் சப்ளை கண்டன்சர்களை விட்டுவிடக் கூடாது. அங்கே லோ இ.எஸ்.ஆர்., அதாவது உள்தடை குறைந்த வகைதான்.

பேடருக்குள் துருப் போக்கும் எண்ணெய் ஸ்பிரே அடித்திருந்தார்கள். ஒரு வாரம் வழுக்கிக்கொண்டு ஓடும், அப்புறம் தூசியைப் பிடித்துப் பசையாகிவிடும். காண்டாக்ட் கிளீனர் வேறு, இது வேறு.

இதே கடை “என்.டி.எஸ்.சி. பெட்டி மலிவா இருக்கு, கிரிஸ்டல் மாத்தினா பால் ஆயிரும்” என்றும் அவரிடம் சொல்லியிருக்கிறது. ஆகாது. என்.டி.எஸ்.சி. என்பது அமெரிக்கா, ஜப்பானின் டி.வி. முறை; நிறத்துக்கான 3.58, 4.43 மெகாஹெர்ட்ஸ் மட்டுமா மாறுகிறது? 525 வரியும் 625 வரியும் வேறு, ஃபீல்டு கணக்கு வேறு, மெமரியை ஓட்டும் கிளாக்கும் வேறு. ஜப்பான் பெட்டி 100 வோல்ட், அமெரிக்கப் பெட்டி 120 வோல்ட். நேராக 230-ல் சொருகினால் அன்றோடு முடிந்தது.

பெட்டியைக் கொடுக்கும் முன் கவரைத் திறந்து இரண்டு பக்கப் போர்டையும் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்துவையுங்கள். ஜாப் சீட்டில் சீரியல் நம்பர், கோளாறு, மாற்றப்போகும் சாமானின் பெயர், “பழைய சாமான் திருப்பித் தரப்படும்” என்ற வரி, எல்லாம் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். மாட்டியதாகச் சொல்லும் ஐசியின் பழையது எங்கே என்று கேட்டால் பாதிப் பேர் அங்கேயே தடுமாறுவார்கள். வாங்கும்போது உங்கள் இரண்டு கேமராக்களையும் எடுத்துக்கொண்டே போங்கள்.

பணம் கொடுத்து ஏமாந்தவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் முதலில் பதியலாம். சரிப்படாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019 சட்டப்படி இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும், கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. “நீ தொழிலுக்கு வச்சிருக்கே, கேஸ் நிக்காது” என்று மிரட்டுவார்கள். சொந்தப் பிழைப்புக்காகச் சுயதொழில் செய்கிறவருக்கு அந்தச் சட்டமே விலக்கு தந்திருக்கிறது. படங்கள், சீட்டு, திருப்பி வாங்கிய சாமான், மூன்றையும் பத்திரமாக வைத்துக்கொண்டு போங்கள்.